கைப்பக்குவத்தையும் சேர்த்துக் கொடுங்கள்!

ஆட்டையாம்பட்டி என்றதும் உங்களுக்கு முறுக்குதான் ஞாபகத்துக்கு வரும். வரட்டும், அதில் தப்பில்லை. சேலத்துக்குத் தெற்கே, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து இறங்கிவிடலாம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்து போனபோது, எல்லைக்குப் பக்கத்தில் சேலத்தோடேயே நின்றுவிட்ட ஊர். ஒரு பக்கம் தறிச் சத்தம், இன்னொரு பக்கம் முறுக்கு வேகிற வாசனை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வைத்தியசாலை.

வெளித் திண்ணையில் ஒரு நீள பெஞ்சு போட்டிருக்கிறேன். நாடி பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் உட்காரத்தான் போட்டது. ஆனால் அங்கே நடப்பது வேறு!

"ஏக்கா, நேத்து உங்க ஊட்டுல கொள்ளுக் கடைஞ்ச வாசம் எங்க வாசப்படி வரைக்கும் வந்துச்சே... என்னத்தப் போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு, வரக்கொத்தமல்லிய வறுத்துப் போட்டேன். அவ்வளவுதான்."

இடுப்பு வலி என்று வந்தவர் இடுப்பை மறந்துவிட்டுக் கொத்தமல்லி எத்தனை ஸ்பூன் என்று கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே கூப்பிட்டால், "இருங்க டாக்டரு, ஒரு நிமிசம்" என்பார். எனக்குக் கோபம் வராது. நானும் சாப்பாட்டுப் பிரியன். என் தொப்பையே சாட்சி. அந்த பெஞ்சில் காதில் விழுந்து, என் வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்த குழம்புகள் ஒரு டஜனாவது இருக்கும்.

சமையல் குறிப்பைப் பகிர்ந்துகொள்வது நல்ல பழக்கம். அதை நிறுத்துங்கள் என்று எழுத வரவில்லை. ஆனால் எதைக் கொடுக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. அந்த வருத்தம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தறிக்காரர் வீட்டம்மா இரண்டு குழந்தைகளோடு ஓடி வந்தார். பெரியவனுக்கு ஏழெட்டு வயசு, சின்னவள் அஞ்சுக்குள். ரெண்டு பேருக்கும் வாந்தி. பெரியவன் தலை சுற்றுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டான். சின்னவளுக்கு மூச்சு வேகமாக வாங்கியது.

"சாயங்காலம் என்ன சாப்பிட்டாங்க?"

"குச்சிக்கிழங்கு கடைஞ்சது டாக்டரு. பக்கத்து ஊட்டு அக்கா சொல்லிக் குடுத்தாங்க. குக்கர்ல வெச்சு நாலு விசில் உட்டு, அதே தண்ணியோட மசிச்சு, தாளிச்சுக் கொட்டினேன்."

குச்சிக்கிழங்கு என்பது மரவள்ளிக்கிழங்கு. எங்கள் பக்கத்துப் பேச்சு அது. "கெழங்கு எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன். ஜவ்வரிசி ஆலைக்கு லோடு ஏறின காட்டிலிருந்து சும்மா கொடுத்தார்கள் என்றார்.

கஷாயம், சூரணம் என்று நான் ஒன்றையும் தொடவில்லை. என் மகனைக் காரை எடுக்கச் சொல்லி, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். என்ன சாப்பிட்டார்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன். குழந்தைகள் பிழைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்தேன். பாவம், அழுதே விட்டார். "நான் எப்பவுமே தோலை உரிச்சு, துண்டு போட்டு, வேகவெச்ச தண்ணியக் கொட்டிட்டுத்தானுங்க கடைவேன். எங்க ஆத்தா ரெண்டு தரம் கொட்டும். அதையெல்லாம் சொல்லோணுமான்னு தெரியலீங்க..."

வாசகர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தம்மா எதையும் மறைக்கவில்லை. அவருக்கு அது ஒரு 'முறை' என்றே தோன்றவில்லை. அரிசி களைவது மாதிரி, கை கழுவுவது மாதிரி, பழகிப்போன ஒன்று. தனக்குப் பழகினதை யாரும் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டவரோ, நகரத்துப் பழக்கத்தில் குக்கரை எடுத்துவிட்டார். குறிப்பு போய்ச் சேர்ந்தது, பக்குவம் போய்ச் சேரவில்லை.

மரவள்ளியில் லினமரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. கிழங்கை நறுக்கும்போதும் நசுக்கும்போதும் கிழங்கிலேயே இருக்கிற நொதி அதன் மேல் வேலை செய்து, ஹைட்ரஜன் சயனைடைக் கிளப்பிவிடும். ஆமாம், நீங்கள் சினிமாவில் கேள்விப்படுகிற அதே சயனைடுதான். சதையைவிடத் தோலில் அதிகம். இலையிலும் உண்டு. மரவள்ளிக் காட்டில் புகுந்து மேய்ந்த ஆடு சுருண்டு விழுந்து செத்துப்போவதை எங்கள் பக்கத்து விவசாயிகள் எல்லாருமே பார்த்திருப்பார்கள். ரகத்துக்கு ரகம் அளவு மாறும். மாவுக்காகவே ஆலைக்குப் போகிற ரகங்கள் சிலவற்றில் கூடுதலாக இருக்கும்.

அதனால் பயந்து கிழங்கைத் தூக்கி எறிய வேண்டாம். தோலை, உள்ளே இருக்கிற ரோஸ் நிறப் பட்டையோடு சேர்த்து, முழுக்க உரித்துவிடுங்கள். சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள். கிளம்புகிற நஞ்சு ஆவியோடு போய்விடும். மீதி தண்ணீரில் கரைந்திருக்கும். அந்தத் தண்ணீரையும் கொட்டுங்கள். அப்புறம் தாளியுங்கள், கடையுங்கள், அடை தட்டுங்கள், உங்கள் இஷ்டம். குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்து, அதையே உள்ளே மசிக்கும்போதுதான் போக வேண்டியது போகாமல் தங்கிவிடுகிறது. வாயில் வைத்துக் கசந்தால் துப்பிவிடுங்கள். கசக்கவில்லை என்பதற்காக மேலே சொன்னதை விட்டுவிடவும் வேண்டாம்.

"அப்படியானால் ஜவ்வரிசி?" என்று கேட்பீர்கள். ஆலையில் கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் தேக்குகிறார்கள். மாவு அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். பிறகு சூடும் படுகிறது, வெயிலிலும் காய்கிறது. நம் பாட்டிகள் சட்டியில் செய்ததை அவர்கள் தொட்டியில் செய்கிறார்கள், அவ்வளவுதான். 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான். (ஆனால் 'கிழங்குதானே, இயற்கை உணவு' என்று சர்க்கரைக்காரர்கள் ஜவ்வரிசி உப்புமாவைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட வேண்டாம். அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து!)

மலையாள தேசத்தில் இதே கிழங்குக்கு ஒரு ராஜாவின் கதை உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளியைப் பரப்பினார். ஜனங்கள் விஷக்கிழங்கு என்று பயந்தார்களாம். ராஜா கிழங்கை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. எப்படி வேகவைக்க வேண்டும், எந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள். ராஜாவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போகலாமா?

நான் படித்தது பாளையங்கோட்டையில், 1964-ல் தொடங்கின அரசு சித்த மருத்துவக் கல்லூரியில். முதல் வருஷத்திலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். இஞ்சி என்றால் தோலை நீக்கு, கடுக்காய் என்றால் கொட்டையை நீக்கு. இதற்கு 'சுத்தி' என்று பெயர். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டாலே உடம்பு வெந்து கொப்புளிக்கும். சரக்கின் பெயரை மட்டும் எழுதிவிட்டு சுத்தியை விட்டுவிட்டால் பரீட்சையில் மார்க் கிடையாது. சுத்தி, அளவு, எதோடு சேர்த்துக் கொடுப்பது என்கிற துணைமருந்து, எதைச் சாப்பிடக்கூடாது என்கிற பத்தியம், இத்தனையும் சேர்ந்தால்தான் அது மருந்து. 'உணவே மருந்து' என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, மருந்துக்கு இருக்கிற இந்த ஒழுங்கில் பாதியாவது உணவுக்கு வேண்டாமா?

மற்றவர்களை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் யோக்கியன் இல்லை! ஒரு டீச்சரம்மாவுக்குப் பசியே எடுக்கவில்லை என்று பிரண்டைத் துவையல் சாப்பிடச் சொன்னேன். செய்முறையை மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூன்று வரியில் எழுதியும் கொடுத்தேன். மறுநாள் போன் வந்தது. பேச்சே சரியாக வரவில்லை, தொண்டை அப்படி அரித்து வீங்கியிருக்கிறது. இளசாகப் பார்த்து எடுக்க வேண்டும், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரிக்க வேண்டும், பச்சை வாடை போக எண்ணெயில் நன்றாக வதக்க வேண்டும், புளி கட்டாயம் வேண்டும்... இதில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. 'பிரண்டை, உளுந்து, மிளகாய் வதக்கி அரைக்கவும்' என்று எழுதியிருந்தேன். அந்தம்மா பிரண்டையை லேசாகச் சூடு காட்டியிருக்கிறார். தப்பு அவருடையதா, என்னுடையதா?

எழுதிக் கொடுப்பதில் நமக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' 1951-ல் வந்தது. அந்தப் புத்தகம் பிறந்ததே சமையல் குறிப்புப் பரிமாற்றத்தில்தான். உறவுக்காரப் பெண்கள் அது எப்படி, இது எப்படி என்று கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பதில் எழுதுவதற்குப் பதிலாகப் புத்தகமாகவே போட்டுவிடேன் என்று ஊக்கம் கொடுத்தவர் அவர் உறவில் பெரியவரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். அந்தப் புத்தகத்தைப் பிரித்தால் 'தேவையான அளவு' என்று தப்பித்துக்கொள்கிற பேச்சு குறைவு. ஆழாக்குக் கணக்கும் பலக் கணக்குமாக, புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பெண்ணைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்வது மாதிரி இருக்கும். கல்யாணச் சீராக அந்தப் புத்தகத்தைக் கொடுத்தார்கள் என்றால் சும்மாவா?

முறுக்கு விஷயத்தில் மட்டும் இதெல்லாம் முழுக்கச் செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு அளவு நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து மாவு. எள், சீரகம், உப்பு, கொஞ்சம் வெண்ணெய். இதை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஈர மாவு எந்தப் பதத்தில் இருந்தால் விரலுக்கு இடையில் முறுக்கிக்கொண்டு உடையாமல் சுற்றும் என்பதை எழுத முடியாது. எங்கள் ஊரில் கை முறுக்குச் சுற்றுகிற பெண்கள் மாவைத் தொட்டதுமே 'இன்னும் கொஞ்சம் தண்ணி கேக்குது' என்பார்கள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் பதம் தப்பினால் முறுக்கு உடையும், உடம்பு உடையாது. நான் கேட்பது, தப்பினால் உடம்பைப் பாதிக்கிற சங்கதியை மட்டுமாவது விடாமல் சொல்லுங்கள் என்றுதான். முறுக்கில் அப்படி ஒன்று உண்டு. எண்ணெய்! போன வாரம் பலகாரம் சுட்ட கறுத்த எண்ணெயைப் புது எண்ணெயோடு கலந்து மறுபடி காய்ச்சாதீர்கள். கடைக்காரர்களுக்கே 2018 ஜூலை முதல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன துருவக் கூட்டுப்பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை அடுப்பில் ஏற்றக்கூடாது. வீட்டில் சதவீதம் பார்க்க முடியாது. நிறம் கறுத்தாலும், நுரைத்தாலும், பிசுபிசுத்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான்.

இன்னொரு ரகம் இருக்கிறது. வேண்டுமென்றே ஒரு சாமானை மறைத்துச் சொல்கிறவர்கள்! நாத்தனார் செய்தால் தன் குழம்பு மாதிரி வந்துவிடக்கூடாது என்று ஒன்றைக் குறைத்துச் சொல்வது. சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். எங்கள் பழைய சித்த ஏடுகளிலும் சரக்குகளைப் பரிபாஷையில் மறைத்து எழுதினார்கள். தகுதியில்லாத கைக்குப் போகக்கூடாது என்பது காரணம். கடைசியில் என்ன ஆயிற்று? குரு போன பிறகு அர்த்தம் சொல்ல ஆளில்லாமல், சாவி தொலைந்த பூட்டாகக் கிடக்கின்றன பல முறைகள். நம் பாட்டிகளின் குழம்புக்கும் அந்தக் கதி வர வேண்டாமே.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாத சமாச்சாரம். ருசிக்காகச் சொல்கிற குறிப்புகள் பரவாயில்லை. 'இது அந்த வியாதிக்கு நல்லது' என்ற வால் ஒட்டிக்கொண்டு வருகிற குறிப்புகள் இருக்கின்றனவே, அவைதான் ஆபத்து.

'வாழைத்தண்டுச் சாறு கிட்னிக்கு நல்லது.' எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்! சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு வாழைத்தண்டைச் சொல்வது எங்கள் வைத்தியத்திலும் உண்டு. ஆனால் கல் வேறு, சிறுநீரகம் பழுதாவது வேறு. என்னிடம் வந்த ஒரு பெரியவருக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகி, கிரியேட்டினின் ஏறிக்கொண்டே இருந்தது. சம்பந்தி வீட்டில் அன்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று தினம் காலையில் ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு, மத்தியானம் ஒரு இளநீர். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். கால் தளர்ந்துபோய், நடக்க முடியாமல் வந்தார். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. சொன்ன சம்பந்தியம்மா கெட்டவரா? இல்லவே இல்லை. 'யாருக்கு ஆகாது' என்ற ஒரு வரி அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

சுரைக்காய்ச் சாறு இன்னொன்று. உடம்பு இளைக்கும், இதயத்துக்கு நல்லது என்று வடக்கே காலையில் வெறும் வயிற்றில் குடித்தார்கள், இங்கேயும் அந்தப் பழக்கம் வந்தது. கசந்த சுரைக்காயின் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் உண்டு, உயிரே போனவர்களும் உண்டு. ஐ.சி.எம்.ஆர். ஒரு நிபுணர் குழுவைப் போட்டு ஆராய்ந்தது. அந்தக் குழுவின் அறிக்கை 2012-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. சாறு போடுமுன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தொடாதீர்கள் என்பதுதான் சாரம். என் அம்மா சுரைக்காய் நறுக்கும்போது ஒரு சீவலை வாயில் போட்டுக்கொள்வாள். 'பசியா அம்மா?' என்று கேட்பேன் சின்ன வயசில். சிரிப்பாள். அவள் பதில் சொல்லாததன் காரணம் எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

"இப்படிப் பயமுறுத்தினா நாங்க எதைத்தான் சொல்லிக்கிறதுங்க?" என்று பெஞ்சிலிருந்து ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். யாராவது உங்களிடம் செய்முறை கேட்டால், வாயால் சொல்லாதீர்கள். ஒரு தடவை அவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நீங்கள் சொல்ல மறந்ததை அவர்கள் கண் பார்த்துவிடும். வெளியூர் என்றால், சமைத்துக்கொண்டே எழுதுங்கள். கை எதையெதைக் கொட்டுகிறது, எதை உரிக்கிறது என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும். கேட்கிறவர்களும் சும்மா இருக்கக்கூடாது. 'எதைக் கொட்டணும்? எங்க ஊட்டுல சர்க்கரைக்காரர் இருக்கார், ஆகுமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கௌரவம் குறையாது.

பேச்சோடு நிறுத்தினால் அந்தம்மா என்னை விடமாட்டார். எங்கள் வீட்டுக் கொள்ளு ரசத்தை, நான் கேட்கிற மாதிரியே எழுதித் தருகிறேன்.

நாலு பேருக்கு 100 கிராம் கொள்ளு. கல் பொறுக்கி, வாசம் வருகிற வரை வெறும் சட்டியில் வறுத்து, ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு லிட்டர் புதுத் தண்ணீரில் ஆறேழு விசில். தண்ணீரை இறுத்துக்கொள்ளுங்கள். வெந்த கொள்ளில் ரெண்டு கரண்டி எடுத்து மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு ஆறு பல் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கவும். சின்ன நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தக்காளி. எல்லாம் சேர்த்து நுரை கட்டி வருகிறபோது இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது. நல்லெண்ணெயில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளியுங்கள். மீதிக் கொள்ளைச் சின்ன வெங்காயம் போட்டுக் கடைந்தால் அது மத்தியானத்துக்கு.

ஆகாதவர்கள்: எங்கள் வைத்தியக் கணக்கில் கொள்ளு சூடு. ஆகவே கர்ப்பிணிகள், மூலத்தில் ரத்தம் போகிறவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். மற்றவர்களுக்கு வாரத்தில் ரெண்டு நாள், ஆளுக்கு ஒரு டம்ளர் போதும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இறக்கி வைத்த பிறகு, அம்மிக் குழவியால் ஒரு தட்டு தட்டின நாலு மிளகை மேலே போட்டு மூடிவிடுவாள் என் அம்மா. இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, என் சம்சாரத்திடம் உட்பட.